கெட்டுப்போகாத சாமையும் மூன்று நாள் மரவள்ளியும்

எல்லாம் ஒரு கிழங்கில்தான் ஆரம்பித்தது.

விடுதியில் என் அறைத் தோழனும், அவனுடைய கணினித் துறை சகாக்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். காட்டில் மாட்டிக்கொண்ட ஒருவன் சாகாமல் பிழைத்துக்கிடக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. களம் கொல்லிமலை. அந்த யோசனை என்னுடையது. அப்பா வழியில் எங்களுக்குச் சேந்தமங்கலம். சின்ன வயதில் வீட்டு வாசலில் நின்றால் எதிரே நீலமாகத் தெரிவது அந்த மலைதான். 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி என்று நான் அளந்த கதையில் மயங்கி, "சரி, அங்கேயே வைப்போம்" என்றார்கள்.

போன வாரம் விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். வழியில் ஒரு மரவள்ளிக் கிழங்கு. பிடுங்கினேன். "சாப்பிடு" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பசி 30 புள்ளி குறைகிறது. பச்சையாக! இன்னும் இருபது கிழங்கைப் பிடுங்கிப் பையில் போட்டேன். கேம் கணக்கில் நாற்பது நாள் கழித்து எடுத்தாலும் அன்று பிடுங்கியது போலவே இருக்கிறது.

"டேய், பச்சை மரவள்ளியை இப்படித் தின்னா ஆளே போயிருவான்டா. அதுவும் மூணாம் நாளே கிழங்கு கறுத்துரும்" என்றேன்.

"ஹிஸ்டரி படிக்கிறவன்தானே நீ, விதியை நீயே எழுதிக் குடு" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். நான் சீரியஸாக எடுத்துக்கொண்டேன். அதன் விளைவுதான் இந்த நீளமான பதிவு. டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள் :-)

முதலில், விளையாட்டுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. இந்த வகை விளையாட்டுகளுக்குத் தாத்தா என்று சொல்லத்தக்கது 'ஓரிகன் ட்ரெய்ல்'. 1971ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மூன்று பயிற்சி ஆசிரியர்கள் சேர்ந்து செய்தது. அதில் டான் ராவிட்ச் என்பவர் தன் வரலாற்று வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காகக் கேட்டதுதான் அந்த விளையாட்டு. 19ஆம் நூற்றாண்டில் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன குடும்பங்கள் எதனால் பிழைத்தன, எதனால் செத்தன என்று பிள்ளைகள் தாமே உணர வேண்டும் என்பது நோக்கம். அந்த விளையாட்டின் பிற்காலப் பதிப்புகளில், எவ்வளவு பெரிய மிருகத்தைச் சுட்டாலும் வண்டிக்குத் தூக்கிவர முடிந்தது 100 பவுண்டு இறைச்சிதான். மீதி அங்கேயே கிடக்கும். இந்த ஒரே விதியில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்தவை பலவிதம். மைன்கிராஃப்டில் ரொட்டி எத்தனை வருடமானாலும் கெடாது. 2013ல் வந்த 'டோன்ட் ஸ்டார்வ்' விளையாட்டில் உணவு நாள்பட நாள்பட நிறம் மாறி அழுகும். ஆனால் எந்த உணவு ஏன் கெடுகிறது, அதைக் கெடாமல் வைக்க மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரு கடிகாரத்தோடு முடிந்துவிடும். கொல்லிமலையை வைத்து யோசித்தால் அந்தக் கடிகாரம் போதாது என்று புரியும்.

சாமை: நேரத்தைச் சேமித்து வைக்கிற தானியம்

கொல்லிமலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்களுடைய பழைய சாப்பாடு சாமை, கேழ்வரகு, தினை, வரகு, பனிவரகு. சாமையில் மட்டும் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லிச்சாமை, திருகுலச்சாமை என்று பல ரகங்கள் அந்த மலையில் இருந்திருக்கின்றன. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதமாக விளையும். ஒன்று மெலிந்த மண்ணில் நிற்கும், ஒன்று நல்ல மண் கேட்கும். மழை எப்படிப் போனாலும் ஏதோ ஒன்று கைகொடுக்கும் என்ற கணக்கு.

இந்தத் தானியங்களின் பெரிய குணம், கெடாமல் இருப்பது. சாமை, தினை, வரகு மூன்றும் கெட்டியான உமிக்குள் இருக்கின்றன. அந்த உமி ஒரு பூட்டு மாதிரி. நன்றாகக் காயவைத்து, ஈரம் புகாமல் வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். கேழ்வரகு இன்னும் ஒரு படி மேல். மணி மிகச் சிறியது, எண்ணெய்ச் சத்து மிகக் குறைவு, பூச்சிக்கு உள்ளே புகுந்து குடித்தனம் நடத்த இடமே இல்லை. பஞ்சத்துக்கென்று எடுத்து வைக்கிற தானியம் என்று தென்னிந்தியா முழுக்க அதற்குப் பெயர் வந்தது அதனால்தான்.

ஆனால் பூட்டைத் திறந்துவிட்டால் கதை வேறு. சாமையை உரலில் குத்தி உமியை நீக்கிய அடுத்த நிமிடமே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், வண்டு வரும். வருடங்கள் என்பது மாதங்களாகச் சுருங்கிவிடும். மாவாக அரைத்தால் இன்னும் வேகம். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள கம்பு மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்குவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சோறாகப் பொங்கினால் ஒரு நாள். அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பகல் வரை நீட்டலாம். புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி, கெடுக்கிற கிருமிகளைப் பெருகவிடாமல் செய்கின்றன. நம் பழைய சோறும் கூழும் அதுதான்.

ஆக, "சாமை எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்வியே தப்பு. எந்த நிலையில் இருக்கிற சாமை என்று கேட்க வேண்டும்.

விதி 1: கெடும் காலம் பொருளுக்கு இல்லை, நிலைக்கு. உமியோடு, அரிசியாக, மாவாக, சோறாக, நீர்ச்சோறாக என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கடிகாரம். ஒவ்வொரு படி இறங்கவும் உழைப்பு வேண்டும். இறங்கினால் திரும்ப ஏற முடியாது.

அந்த உழைப்பு யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமை குத்துவது பெண்களின் வேலை. உரல், உலக்கை, முறம். மறுநாள் சோற்றுக்கு முந்தின நாளே மணிக்கணக்கில் இடிக்க வேண்டும். கேமில் ஒரு பொத்தானை அழுத்தினால் சோறு வந்துவிடுகிறது. அந்த மலையில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தோள்வலி இருந்தது.

சேமிக்கிற இடமும் முக்கியம். அந்தப் பக்கம் தொம்பை என்பார்கள். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் கலந்து பூசி, தரையில் படாமல் தூக்கி வைத்த களஞ்சியம். தரை ஈரம் ஏறாது, எலிக்கும் சிரமம். தானியத்தோடு வேப்பிலை, நொச்சி இலை போட்டு வைப்பதும் சாம்பல் கலந்து வைப்பதும் தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். இரண்டு வருடம் முன்பு மலைக்குப் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "இதுல எத்தனை வருசத்துச் சாமை இருக்கும் பாட்டி?" என்று கேட்டேன். "இப்ப எங்க கண்ணு சாமை? பழைய துணிதான் கெடக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரவள்ளி: மூன்று நாள் கெடு

சாமை போன இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் மரவள்ளி. தென் அமெரிக்கச் செடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாக அதைப் பரப்பினார். சேலம் பக்கம் அது தொழிற்சாலைப் பயிரானது 1940களில். உலகப் போர் நடந்த காலத்தில் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று ஆலைகள் பெருகின. 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைகளின் பசி மலையேறியது. சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின.

இந்தக் கிழங்குக்கு இரண்டு குணங்கள் உண்டு, இரண்டும் நம் கேமுக்கு முக்கியம்.

ஒன்று, விஷம். மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போதும் வெட்டுப்படும்போதும் அதிலிருந்து சயனைடு வெளிவரும். தோலை நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வது மூடநம்பிக்கை இல்லை, வேதியியல். இனிப்பு ரகங்களில் இது குறைவு, கசப்பு ரகங்களில் அதிகம்.

இங்கே ஒரு கொடுமையான வரலாறு உண்டு. 1981ல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி. கசப்பு மரவள்ளியைத் தவிர வேறு பயிர் நிற்கவில்லை. அதை நாள்கணக்கில் காயவைத்து விஷம் நீக்கித்தான் சாப்பிடுவார்கள். பசியில் காத்திருக்க முடியவில்லை, நாள்களைக் குறைத்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் கால்கள் முடங்கின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 'கொன்சோ' என்று பெயர். விஷத்தை முறிக்க உடலுக்குத் தேவையான புரதமும் அவர்கள் உணவில் இல்லாமல் போயிருந்தது. கேரளத்தில் கப்பையோடு மீன் வருவது ருசிக்கு மட்டும் இல்லை போலும்!

விதி 2: விஷம் நீக்கும் வேலைக்கு நேரம் வேண்டும். பசி ஏற ஏற விளையாடுகிறவனுக்கு அந்த நேரத்தைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் அன்றே சாக மாட்டான், பிறகு நடக்க மாட்டான்.

இரண்டாவது குணம், கெடுகிற வேகம். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு பல மாதம் தாங்கும். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு விழும். மாவுச்சத்தும் குறையத் தொடங்கும். ஆலைக்காரர்கள் பிடுங்கிய ஓரிரு நாளில் கிழங்கு அரவைக்கு வர வேண்டும் என்று நினைப்பது அதனால்தான்.

இனி ஒரு நிமிடம் அந்த விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். சாமை விளைந்த வருடம் விலை சரியில்லையென்றால் தொம்பையில் கொட்டி மூடிவிட்டு, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லலாம். ஒன்றும் நடக்கவில்லையென்றால் தின்னலாம். மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டால்? கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஆலை வாசலில் நிற்கும்போது, அங்கே சொல்வதுதான் விலை. திரும்பக் கொண்டுபோக முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. பிடுங்காமலே விட்டுவைக்கலாம்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு, கிழங்கு முற்றி நார் தட்டிவிடும், அடுத்த நடவும் தள்ளிப்போகும்.

மரவள்ளியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மலையில் பணம் புழங்கியதும், பிள்ளைகள் கீழே வந்து படித்ததும் அந்தக் கிழங்கால்தான். உலக்கையிலிருந்து பெண்களுக்கு ஓய்வு கிடைத்ததும் ஓரளவு அதனால்தான். ஆனால் கெடுகிற காலம் என்பது சமையலறை விஷயம் மட்டும் இல்லை. யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. காத்திருக்க முடிந்தவன் விலை சொல்கிறான். முடியாதவன் கேட்டுக்கொள்கிறான்.

விதி 3: விளையாட்டில் சந்தை இருந்தால், சீக்கிரம் கெடும் பொருளுக்கு விலையை வாங்குகிறவன் சொல்லட்டும். நாள்பட்டுத் தாங்கும் பொருளுக்கு விற்கிறவன் பேரம் பேசட்டும்.

பசி என்றால் என்ன? 1877ல் நடந்த ஒரு கணக்கு

எல்லா கேம்களிலும் பசிக்கு ஒரு பட்டை இருக்கும். அது தீர்ந்தால் உயிர் குறையும், உயிர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நிஜத்தில் பசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நம் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம்.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். அதற்கு முன் சேலம் மாவட்டம். 1876ல் மழை பொய்த்து, 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871ல் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881ல் சுமார் 16 லட்சம். இறந்தவர்களும், இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறிடங்களுக்கும் போனவர்களும், பிறக்காமலே போனவர்களும் சேர்ந்த கணக்கு இது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்கச் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இதே டெம்பிள் 1874ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவுகள் பெருகாமல் தடுத்தவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை, "வீண் செலவு" என்று திட்டுதான் கிடைத்தது. இந்த முறை அவர் பாடம் கற்றுக்கொண்டு வந்தார். ரோடு போடுவது, கல் உடைப்பது போன்ற நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம்.

அதை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசு நடுவாக ஒரு முடிவுக்கு வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. இந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு.

அந்த ஒரு பவுண்டைக் கலோரியாக மாற்றிப் பார்த்தேன். சுமார் 1,600. இந்த எண்ணை எங்கோ பார்த்தோமே என்று தேடினால், மறுபடியும் மின்னசோட்டா! 1944-45ல் அங்கே ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், பட்டினி உடலை என்ன செய்யும் என்று அறிய 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. விஞ்ஞானிகள் "பட்டினி" என்று பெயர் வைத்துக் கொடுத்த அளவும், டெம்பிள் "கூலி" என்று பெயர் வைத்துக் கொடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்று. மின்னசோட்டா இளைஞர்கள் நல்ல உடம்போடு உள்ளே போனவர்கள், மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இங்கே வந்தவர்கள் ஏற்கெனவே எலும்பும் தோலும், செய்ததோ கல் உடைக்கிற வேலை.

மின்னசோட்டாவில் என்ன நடந்தது? உடல் எடையில் சுமார் கால் பங்கு போனது. எப்போதும் குளிர். கால் வீக்கம். எரிச்சல், சோர்வு. எதிலும் ஆர்வம் இல்லை, சாப்பாட்டைத் தவிர. சிலர் சமையல் புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தார்களாம். ஒருவரும் அங்கே பட்டினியால் சாகவில்லை. பஞ்சத்திலும் பெரும்பாலோர் நேரடியாகப் பட்டினியால் சாவதில்லை. தளர்ந்த உடம்பில் காலரா, வயிற்றுப்போக்கு, மலேரியா புகுந்து முடித்துவிடும். 1877ல் மழை திரும்பி வந்தபோது காய்ச்சலும் சேர்ந்து வந்தது.

விதி 4: பசி உயிரை நேராகக் குறைக்க வேண்டாம். முதலில் வேகம், பிறகு வலு, குளிர் தாங்கும் சக்தி, பிறகு காயம் ஆறும் வேகம். கடைசியில் ஒரு சாதாரணக் காய்ச்சல் ஆளைக் கொல்லட்டும்.

விதி 5: நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரே நேரத்தில் வயிறு முட்டத் தின்றால் ஆபத்து. உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகலாம். முதலில் கஞ்சி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

காட்டில் கிடைப்பதெல்லாம் தின்னத்தக்கதா?

கேமில் செடியைத் தொட்டால் "தின்னலாம்" என்று எழுத்து வந்துவிடுகிறது. அந்த எழுத்தைப் பல தலைமுறை சேர்ந்து எழுதியிருக்கிறது. காட்டு வள்ளிக்கிழங்கில் சிலவற்றை அப்படியே சுட்டுத் தின்னலாம், சிலவற்றை நீர் மாற்றி மாற்றி வேகவைக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

நல்ல தானியமே சதி செய்வதும் உண்டு. மழைக்காலத்தில் அறுத்து ஈரத்தோடு கிடந்த வரகில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். தின்றால் தலைசுற்றல், நடுக்கம், மயக்கம். கிறுக்கு வரகு என்று பெயரே உண்டு. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் பத்து யானைகள் வரிசையாகச் செத்தன. பூஞ்சை பிடித்த வரகைத் தின்றதுதான் காரணம் என்று பரிசோதனைகள் சொல்லின. இந்த மாதிரி நஞ்சுகள் பல வேகவைத்தாலும் போகாது. நேற்றைய கெட்ட சோற்றை இன்று சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் அதே தப்பு.

விதி 6: சமைத்தால் கிருமி சாகும். கிருமி ஏற்கெனவே விட்டுப்போன நஞ்சு சாகாது. விளைவும் தின்ற உடனே தெரியக் கூடாது, சில மணி நேரம் கழித்து வரட்டும். எதனால் வந்தது என்று அவனே யோசிக்கட்டும்.

இன்னொன்று. காடு இருந்தால் போதாது, காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். பஞ்சம் முடிந்து நான்கே வருடத்தில், 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கப்பட்டன. கிழங்கும் தேனும் எடுப்பது உரிமையிலிருந்து சலுகையாக மாறியது. நம் கேமில் மதில் எதுவும் இல்லை. வரலாற்றில் இருந்தது.

விதைத் தானியம்

எனக்கு மிகவும் பிடித்த விதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தொம்பையில் கடைசியாக ஒரு மூட்டை. அது விதை. தின்றால் இந்த மாதம் பிழைக்கலாம். தின்னாமல் வைத்தால், மழை வந்தால், அடுத்த வருடம் பிழைக்கலாம். மழை வருமா என்று தெரியாது. பஞ்சம் ஒரு வருடத்தில் முடியாமல் இரண்டு மூன்று வருடம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை திரும்பி வந்தாலும் விதைக்க விதை இருக்காது, உழ மாடு இருக்காது.

விதி 7: விதையையும் தின்னலாம் என்று இருக்கட்டும். தடுக்காதீர்கள், எச்சரிக்கவும் வேண்டாம்.

கொல்லிமலையில் இந்த விதி வேறு விதமாக நடந்தது. யாரும் பசியில் விதையைத் தின்னவில்லை, விதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு ரகத்தைச் சில வருடம் விதைக்காமல் விட்டால் முளைப்புத்திறன் போய்விடும், அப்புறம் அது இல்லை. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களோடு சேர்ந்து அங்கே செய்த வேலை இதைத் தடுப்பதற்குத்தான். ஊருக்கு ஊர் விதை வங்கி வைத்தார்கள். உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சாமை நல்லது, சத்தானது என்று எத்தனை மேடையில் பேசினாலும், மறுபடி உலக்கையைத் தூக்கு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது கடைகளில் சாமை பிஸ்கட் வந்தது. மலையில் சாமை மிஞ்சியிருந்தால் அதற்குக் காரணம் அந்தச் சின்ன எந்திரங்களும் விடாமல் விதைத்த சில குடும்பங்களும்தான்.

முடிவாக

விதிகளை எழுதிக் கொடுத்தேன். அறைத் தோழன் படித்துவிட்டு, "இப்படி வச்சா யாருமே ஜெயிக்க மாட்டாங்கடா" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். தனியாளாக யாரும் ஜெயிக்க மாட்டார்கள். இந்த விளையாட்டுகளின் பெரிய பொய்யே அதுதான், ஒரு தனி மனிதன் புத்திசாலித்தனத்தால் பிழைத்துவிடுவான் என்பது. கொல்லிமலையில் தனியாளாக யாரும் பிழைத்ததில்லை. ஒருவர் காட்டைத் திருத்தினார், ஒருவர் குத்தினார், ஒருவர் எந்தக் கிழங்கு விஷம் என்று சொல்லிக் கொடுத்தார், பக்கத்து வீட்டில் விதை கடன் கிடைத்தது. மலையில் உப்பு விளையாது, அதற்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், கீழே இருப்பவனோடு பேசித்தான் ஆக வேண்டும். பஞ்சத்தில் செத்தவர்களும் தேடத் தெரியாமல் சாகவில்லை. சேலத்துக்கு அப்போதே ரயில் இருந்தது. சந்தையில் தானியமும் இருந்தது. வாங்கக் காசு இல்லை. அமர்த்தியா சென் 1981ல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் சொல்வது இதைத்தான்: பஞ்சம் என்பது உணவு இல்லாமை என்பதைவிட, இருக்கிற உணவு சிலருக்குக் கிடைக்காமல் போவது.

அதனால் எட்டாவதாக ஒரு விதி சேர்த்தேன். இரண்டாவது ஆட்டக்காரன் வேண்டும். அவனுக்கு ஒரு தொம்பை இருக்க வேண்டும். அவன் கொடுப்பானா மாட்டானா என்பதைக் கணினி தீர்மானிக்கக் கூடாது, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது கேமில் பச்சை மரவள்ளியைத் தின்றால் தலைசுற்றுகிறது. மூன்றாம் நாள் கிழங்கு கறுக்கிறது. நேற்றிரவு சோதித்துப் பார்த்தோம். என் ஆளுக்குப் பசி உச்சத்தில் இருந்தது, அறைத் தோழனின் தொம்பையில் அரை மூட்டைச் சாமை. விதைக்கு வைத்திருந்தான். கேட்டேன். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதியைக் கொடுத்தான்.

கேம் முடிந்தால் சொல்கிறேன். உங்கள் ஊரில் தானியம் எப்படிச் சேமித்தார்கள், எதை எப்படிப் பக்குவப்படுத்தித் தின்றார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். விதிப் பட்டியலில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.